காதைப் பற்றி எழுதாதே

ஜனவரி 9

அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாய். எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம். உன்னோடு பேச்சை நிறுத்தியது நிறுத்தியதுதான், அதில் மாற்றம் இல்லை. இது வேறு வழியில்லாமல் எழுதுவது. கண்ணாடிக் கடையில் கண் பார்க்க யாரும் வராத நேரத்தில், எழுத்துப் பலகைக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் பேசலாமென்றால் இங்கே முதலாளி எல்லாவற்றையும் ஒட்டுக் கேட்பார். வீட்டில் பேசினால் இவருக்குத் தெரிந்துவிடும்.

இவர் என்றால் உன் மாப்பிள்ளை. பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டு, தானுண்டு தன் ஸ்டியரிங் உண்டு என்று இருந்த மனிதர். குதிரை ரேஸில் பணம் கட்டுகிறார் அண்ணா. இன்று நேற்றல்ல, சில வருஷங்களாகவே. எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. அதுவும் நான் கண்டுபிடிக்கவில்லை. பல் தேய்த்துக்கொண்டே அவராகச் சொன்னார், பக்கத்துத் தெருவில் பால் விலை ஏறிவிட்டது என்று சொல்வதைப் போல.

"எதை நம்பிக் கட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"உங்க அண்ணனை நம்பித்தான். நம்ம கல்யாணத்தன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு. 'மாப்ளே, நான் எந்தக் குதிரையோட காதைப் பத்தி எழுதறேனோ அதுல கண்ணை மூடிட்டுக் கட்டுங்க. மத்ததெல்லாம் பக்கத்தை ரொப்பறதுக்கு'ன்னு."

நீ பத்திரிகையில் ரேஸ் பத்தி எழுதப் போகிறாய் என்று எனக்குத் தெரியவந்ததும் அதே கல்யாணத்தன்றுதான். மணமேடையில் இருந்து இறங்கி வந்து உன்னிடம் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தொழிலில் இருக்கும்வரை உன்னோடு பேச்சில்லை, எழுதிப் பிழைத்துப் போ, ஆனால் ஒரு தடவை கட்டினாலும் எனக்கு அண்ணனே கிடையாது என்றேன். அப்பாவின் அச்சகமும் வீடும் எந்த வழியில் போயின என்று நம் இருவருக்கும் தெரியும். அதனால் சொன்னேன். நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். திருடன் பின்வாசல் வழியாக வந்திருக்கிறான்.

இப்போது பெரிய கோப்பை ஓட்டம் வருகிறதாமே, பிப்ரவரி ஒன்பதாம் தேதி. அதற்காக வேனை விற்கப் போகிறார். "ஒரே தடவை, ஒரே குதிரை, அப்புறம் ரெண்டு வேன்" என்கிறார். நீ அன்றைக்கு எந்தக் குதிரையின் காதைப் பற்றி எழுதுகிறாயோ அந்தக் குதிரையில் எங்கள் வேன் ஏறி உட்காரும்.

ஆகவே, காதைப் பற்றி எழுதாதே. எந்தக் குதிரையின் காதைப் பற்றியும் எழுதாதே. உன்னிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

தங்கை


ஜனவரி 14

அன்புத் தங்கைக்கு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் பத்திரிகை ஆபீஸ் என்றும் பார்க்காமல் எழுந்து நின்றுவிட்டேன். என் எதிரே உட்கார்ந்திருக்கும் சினிமாப் பக்கத்துக்காரர், "என்ன, சம்பள உயர்வா?" என்றார். அதைவிடப் பெரியது என்றேன்.

திட்டுவதற்காகவாவது எழுதினாயே. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காது விஷயம் வெறும் கிண்டல். கல்யாணத்தன்று உன் வீட்டுக்காரர், "மச்சான், ஏதாவது டிப்ஸ் குடுங்க, டிப்ஸ் குடுங்க" என்று பந்தி முடியும்வரை என்னை விடவில்லை. ஆளைக் கழற்றிவிட வாயில் வந்ததைச் சொன்னேன். வால் என்று வந்திருந்தால் வால் என்று சொல்லியிருப்பேன். அதை ஒரு மனிதர் இத்தனை வருஷம் மனதில் வைத்துக்கொண்டு பணம் கட்டுவார் என்று யார் கண்டது!

இந்தத் தொழிலில் நான் பார்த்த பந்தயங்களை எழுதினால் உனக்குச் சிரிப்பு வரும். 'அவசரம்' என்று ஒரு குதிரை இருந்தது. அதைப்போல் நிதானமான பிராணியை நீ பார்த்திருக்க மாட்டாய். ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை மட்டும் அதிலேயே விடாமல் கட்டுவார். கடைசி பெஞ்சுப் பையனைக் கைவிடக் கூடாதாம். ஒருநாள் முன்னால் ஓடிய குதிரைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. அவசரம் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டு வந்து ஜெயித்தது. அந்த அம்மாள் டிக்கெட்டைக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளவே மறந்து, "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று அழுதார். மறுநாள் என் பத்தியில் நான் மனதாரச் சந்தோஷமாக எழுதியது அதைத்தான். இன்னொருவர், முடிதிருத்துபவர், 'வெள்ளிக்காசு' தோற்றால் மீசையை எடுப்பதாகச் சபதம் போட்டார். தோற்றது. அவர் எடுக்கவும் எடுத்தார். ஆனால் பக்கத்தில் நின்ற சிநேகிதர் மீசையை.

'கடிவாளம்' என்ற பெயரில் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து நான் ஒரு பைசா கட்டியதில்லை. உனக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். தொழில் இன்னொரு பக்கம். கட்டுகிறவன் எழுத உட்கார்ந்தால் நல்ல குதிரையைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றதை வாசகனுக்குத் தள்ளிவிடுவான். அப்படிப்பட்டவர்களைப் பக்கத்து மேஜைகளில் பார்த்திருக்கிறேன். என் பத்தியை நம்பிக் காலையில் எழுந்து பத்திரிகை வாங்குகிறவனுக்கு நான் செய்யும் ஒரே மரியாதை, மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுதுவது.

காதைப் பற்றி எழுத மாட்டேன். இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? நான் காதைப் பற்றி எழுதுகிறேன் என்பதே உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். குழந்தை எப்படி இருக்கிறாள்?

உன் அண்ணன்


ஜனவரி 19

அண்ணா,

மீசைக் கதையெல்லாம் எனக்கு எதற்கு? இங்கே வேனே கையை விட்டுப் போகப் போகிறது, நீ கச்சேரி செய்கிறாய்.

நேற்று வேனைப் பார்க்க ஒருவர் வந்தார். சக்கரத்தை உதைத்துப் பார்த்தார், சீட்டை அமுக்கிப் பார்த்தார். ஜன்னலோரம் பிள்ளைகள் ஒட்டிவைத்திருந்த படங்களை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நம் வீட்டுக் குட்டி உள்ளே ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றாள். இவர் வந்தவரிடம், "அது வண்டியோட சேர்த்தியில்ல சார்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிண்டல் என்று எழுதியிருக்கிறாய். அதைத்தான் நானும் இவரிடம் சொன்னேன். "எங்க அண்ணன் சும்மா வாயில வந்ததைச் சொல்லியிருப்பாரு" என்றேன். இவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கிண்டலா இருந்தா இத்தனை தடவை எப்படி ஜெயிக்கும்? சமையலறைக்குப் புது அடுப்பு எங்கிருந்து வந்துச்சுன்னு நெனச்சே?" என்றார்.

தோற்கிறவர் என்றால் நானே வழிக்குக் கொண்டுவந்துவிடுவேன் அண்ணா. இவர் தோற்பதில்லை. அதுதான் எனக்குப் பயம். அப்பாவும் முதலில் தோற்கவில்லை. புது மிதியடியோடு, கைநிறையப் பழத்தோடு வாசலில் வந்து நின்ற அப்பாவை நினைத்துப் பார். நாம் இரண்டு பேரும் துள்ளிக் குதித்தோம். அம்மா மட்டும் அந்தப் பழத்தைத் தொடவில்லை.

காதில் பூ சுற்றாமல் நீயே உன் பழைய பத்திகளை எடுத்துப் பார். பார்த்துவிட்டு, எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம் என்று உன் கைப்பட எழுதி அனுப்பு. இவரிடம் காட்ட வேண்டும்.

தங்கை


ஜனவரி 27

அன்புத் தங்கைக்கு,

நீ சொன்னபடி பார்த்தேன். எழுதத் தாமதமானதற்குக் காரணம் அதுதான்.

எங்கள் ஆபீஸில் பழைய இதழ்களைக் கட்டுக் கட்டாகத் தைத்து வைத்திருக்கும் அறை ஒன்று உண்டு. ஒரே தூசி. தும்மிக்கொண்டே ஒவ்வொரு கட்டாகப் புரட்டினேன். முதலில் உனக்காகத்தான் பார்த்தேன். இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகவில்லை. சினிமாப் பக்கத்துக்காரர் கதவில் தலையை நீட்டி, "உயில் கியில் தேடறீங்களா?" என்றார்.

நீ கேட்ட வாசகத்தை என்னால் எழுத முடியாது அம்மா. அது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை. நான் எப்போதெல்லாம் ஒரு குதிரையின் காதைப் பற்றி எழுதியிருக்கிறேனோ, அப்போதெல்லாம் அநேகமாக அந்தக் குதிரை ஜெயித்திருக்கிறது. 'அவசரம்' ஜெயித்த அன்றுகூட, இன்று இந்தக் கிழக் குதிரைக்குக் காது முன்னால் நிற்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறேன். இத்தனை வருஷம் எழுதியவன் எனக்குத் தெரியாதது, வேன் ஓட்டுகிறவருக்குத் தெரிந்திருக்கிறது!

காரணம் யோசித்தேன். தினமும் விடிந்ததும் பயிற்சி ஓட்டம் பார்க்கக் கம்பி வேலி ஓரம் போய் நிற்பேன். கடைசி வளைவில் களைத்துப்போன குதிரைக்குக் காது பின்னால் மடங்கிவிடும். ஜாக்கியின் சவுக்கு எப்போது வரும் என்று அது பயந்துகொண்டு ஓடும். சில குதிரைகள் மட்டும் காதை முன்னால் நிறுத்திக்கொண்டு, இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று ஆசையாகப் பார்ப்பதுபோல் ஓடும். அதற்கு இன்னும் தெம்பு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். கண் அதைப் பார்த்துவிடுகிறது, கை எழுதிவிடுகிறது. நடுவில் இருக்கும் எனக்குத்தான் செய்தி வரவில்லை.

கோப்பை ஓட்டத்துக்கு எல்லாரும் 'இராஜாளி'தான் என்கிறார்கள். நேற்று 'மின்மினி' என்ற பெண் குதிரையைப் பார்த்தேன். செம்பழுப்பு நிறம், ஒல்லியான கழுத்து. பயிற்சியாளரே அதைப் பெரிதாக நினைக்கவில்லை. கடைசி வளைவில் அதன் இரண்டு காதும் நேராக நின்றன. இன்றும் போய்ப் பார்த்தேன். இன்றும் அப்படியே. வேலியில் கையை வைத்துக்கொண்டு அது லாயத்துக்குத் திரும்பும்வரை அங்கேயே நின்றேன். இத்தனை காலம் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறேனே என்று தோன்றியது. யாருக்கும் தெரியாத ஒன்று எனக்கு மட்டும் தெரிகிறது என்பது எவ்வளவு விசித்திரமாக இருக்கிறது தெரியுமா? நாளையும் போவேன். அது காதை மடக்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

வேன் விஷயத்தில் கவலைப்படாதே. வாக்குக் கொடுத்தபடி காதை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

உன் அண்ணன்


பிப்ரவரி 1

அண்ணா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வேனைப் பற்றி ஒரே வரி. மீதியெல்லாம் ஒரு குதிரையின் காது. குழந்தை எப்படி இருக்கிறாள் என்று போன தடவை கேட்டாய், இந்தத் தடவை அதுவும் இல்லை.

நாள் முழுக்க மற்றவர்கள் கண்ணையே பார்த்துப் பிழைக்கிறவள் நான். உன் கடிதத்தில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு போகின்றன. உன் எழுத்து எப்போதும் அப்படி இருக்காது. 'எனக்கு மட்டும் தெரிகிறது' என்று எழுதியிருக்கிறாயே, அந்த வார்த்தையை நான் முன்னாலும் கேட்டிருக்கிறேன். அப்பா முகம் மழித்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்துச் சொல்வார். அதைப் படித்த கையோடு வந்திருந்த பெரியவருக்குத் தப்பான கண்ணாடியைப் போட்டுவிட்டேன். "எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதும்மா" என்றார். எனக்கும்தான்.

பூசி மெழுகாமல் சொல். நீ நன்றாக இருக்கிறாயா? கடிவாளத்தை நம்பித்தானே உன்னை அந்தத் தொழிலில் விட்டு வைத்தேன்?

இவர் வேனுக்கு முன்பணம் வாங்கிவிட்டார். ஓட்டத்துக்கு முந்தின நாள் மீதியும் வந்துவிடும். இப்போது புதிதாக ஒன்று சொல்கிறார், உன் ஊர் ரேஸ் மைதானத்துக்கே வந்து நேரில் கட்டப் போகிறாராம். தடுத்தேன், கெஞ்சினேன், சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். "உங்க அண்ணன் என்ன எழுதறாருன்னு பாப்போம். காது வரலைன்னா ஒரு டீயைக் குடிச்சிட்டுத் திரும்பிடறேன்" என்கிறார். என் வீட்டின் தலையெழுத்து இப்போது உன் பேனாவில் இருக்கிறது.

எனக்கு உடனே பதில் போடு.

தங்கை


பிப்ரவரி 7

தங்கைக்கு,

ஞாயிற்றுக்கிழமைப் பத்தியைக் கொடுத்துவிட்டேன். காது இல்லை. இராஜாளியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன், மார்பு அகலம், ஜாக்கியின் அனுபவம் என்று. மின்மினிக்குக் கடைசியில் அரை வரி. எழுதும்போது என்னவோ போல் இருந்தது. உனக்காகத்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையை வர வேண்டாம் என்று சொல். கூட்டமாக இருக்கும். எனக்கும் அன்று நிறைய வேலை இருக்கும், பார்க்க முடியாது.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 12

அண்ணா,

சொன்னதையும் மீறி இவர் வந்தார். உனக்குத் தெரியாது. நீ அவரைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போனார், வேன் பணத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு. பத்திரிகையை வழியிலேயே வாங்கிப் படித்துவிட்டாராம். நான் வீட்டில் ஒரு வேலையும் ஓடாமல் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றினார். முகத்தில் ரத்தமே இல்லை. இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். பணம் அப்படியே இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

"காது வரலையா?" என்று கேட்டேன்.

"காது வரலைதான். ஆனா இவ்ளோ தூரம் வந்துட்டோமே, இராஜாளியிலேயே கட்டிடலாம்னு வரிசையில போய் நின்னேன்."

"அப்புறம்?"

"எனக்கு முன்னால நாலஞ்சு பேருக்கு அப்பால உங்க அண்ணன் நின்னுட்டு இருந்தாரு."

யாரையாவது பார்க்க நின்றிருப்பார், எழுதுவதற்காக நின்றிருப்பார் என்றேன். இவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"மச்சான்னு கூப்பிட வாயைத் தொறந்தேன். அப்பதான் முகத்தைப் பாத்தேன். வேர்த்துக் கொட்டுது. உதடு முணுமுணுன்னு அசையுது. பக்கத்துல ஒருத்தன் அவர் காலை மிதிச்சுட்டுப் போறான், அது அவருக்குத் தெரியவே இல்லை. டிக்கெட் ஜன்னலையே பாத்துட்டு நிக்கிறாரு. 'மின்மினி'ன்னு சொல்லி ஒரு கத்தைப் பணத்தை உள்ள தள்ளினாரு. நானும் இப்படித்தான் இருப்பேனா? எம்முகமும் இப்படித்தான் இருக்குமா? வரிசையை விட்டு வெளிய வந்துட்டேன்."

மின்மினி ஜெயித்ததாம். இவர் வெளியே டீக்கடையில் நின்றுகொண்டு சத்தத்தைக் கேட்டாராம். மறுநாள் காலையில் பணத்தை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேன் வாசலில் நிற்கிறது. ஜன்னல் படங்கள்கூட அப்படியே இருக்கின்றன. ரேஸ் என்ற பேச்சையே இவர் எடுப்பதில்லை.

என் புருஷன் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார். நான் கேட்டது நடந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பழைய பத்திகளை எடுத்துப் பார் என்று உனக்கு எழுதியவள் நான்தானே? எழுதாமல் இருந்திருந்தால் உன் கண் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருக்கும், கை பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கும். நீ தோற்றிருந்தாலாவது பரவாயில்லை. வாசலில் பழத்தோடு வந்து நின்ற அப்பாவைத்தான் கண்ணை மூடினால் பார்க்கிறேன்.

ஒரு தடவை கட்டினால் எனக்கு அண்ணன் கிடையாது என்று சொன்னேன். அதை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ எனக்கு வேண்டும். கொஞ்ச நாள் லீவு போடு. அடுத்த வாரம், இருபத்து மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் வேனோடு உன் அறை வாசலுக்கு வந்துவிடுவார். குட்டியும் கூட வருகிறாள். அவளை நீ பார்த்ததே இல்லை. இரண்டு சட்டையை எடுத்துக்கொண்டு ஏறிக்கொள். நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன், திட்ட மாட்டேன். கண்ணையும் பார்த்துக் கண்ணாடி மாற்றிக் கொடுக்கிறேன். வந்துவிடு அண்ணா.

தங்கை


பிப்ரவரி 18

என் அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். சினிமாப் பக்கத்துக்காரர் பார்க்காதபடி திரும்பி உட்கார்ந்துகொண்டேன். உண்மைதான், கட்டினேன். மாப்பிள்ளை பார்த்ததில் பொய் இல்லை. ஆனால் நீ பயப்படுவதுபோல் ஒன்றும் இல்லை. அப்பாவுக்குக் குதிரையைப் பார்க்கத் தெரியாது, பேரைப் பார்த்துக் கட்டினார். நான் அப்படியா? என் கணக்கு சரியா என்று ஒரு தடவை தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தெரிந்துகொண்டேன். அதோடு முடிந்தது.

நிச்சயம் வருகிறேன். லீவுக்குச் சொல்லிவிட்டேன். பையைக்கூட எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். குட்டிக்குச் சிவப்பில் ஒரு ஷூ வாங்கினேன், கால் அளவு தெரியாததால் கொஞ்சம் பெரிதாகவே. உனக்கு ஒரு நல்ல கைக்கடிகாரம். வேண்டாம் என்று சொல்லாதே, அண்ணன் வாங்கித் தந்தது. நாம் மூன்று பேரும், நீயும் நானும் குட்டியும், வேனில் கடைசி சீட்டில் உட்கார்ந்து எங்கேயாவது போய்வர வேண்டும். மாப்பிள்ளை ஓட்டட்டும். இத்தனை வருஷம் பேசாததையெல்லாம் பேசித் தீர்க்க வேண்டும்.

ஒரே ஒரு சின்ன மாற்றம். வேனை ஞாயிற்றுக்கிழமை அனுப்பாதே, திங்கட்கிழமை அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது ஓட்டத்தில் ஒரு கறுப்புக் குதிரை ஓடுகிறது. இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், காது அப்படியே நிற்கிறது. இதைப் பத்தியில் எழுதவில்லை. எழுதினால் எல்லாரும் கட்டிவிடுவார்கள்.

உன் அண்ணன்